நீராவி பாலுக்கு வந்த வரலாறு

வீட்டுச் சமையல் மேடையின்மேல் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு சிறிய எஸ்பிரெஸோ யந்திரத்தைப் பார்ப்பவர்களின் கண், முதலில் காபிப்பொடியை இட்டு அழுத்துகிற கைப்பிடியின்மீதும், பிறகு அழுத்தத்தைக் காட்டுகிற முள்ளின்மீதும், கருந்தேன்போல் டிகாக்‌ஷன் வடிகிற வாயின்மீதுமே செல்லும். பக்கவாட்டில் யானையின் துதிக்கைபோல் வளைந்து தொங்குகிற மெல்லிய எஃகுக் குழலை அவர்கள் கவனிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். ஆனால் அதன் திருகைத் திறந்து, குளிர்ந்த பால் அரைவாசி நிரம்பிய எவர்சில்வர் ஜக்கில் அதன் நுனியைச் சற்றே அமிழ்த்திப் பிடித்து, முதலில் துணி கிழிவதுபோன்ற சீறலாகவும் சில விநாடிகளில் அடங்கிய முழக்கமாகவும் மாறுகிற அந்த ஓசையைக் கேட்டபடி, பால் சுழன்று தடித்துப் பட்டுப்போல் பளபளப்பதை ஒரு தரம் கண்டுவிட்டவர்களுக்கு, எஸ்பிரெஸோவின் சரித்திரத்தை இந்தக் குழலின் பக்கத்தில் நின்று படித்தால் எப்படி இருக்கும் என்ற ஆவல் எழாமல் இராது. எனக்கு அது எழுந்தது. அவ்வாறு படித்தபோது எனக்குத் தெரியவந்தது இதுதான்: நீராவி இந்த யந்திரத்துக்குள் காபிக்காகவே வந்தது, காபிக்கு அது கேடு செய்தது, காபியைவிட்டு விலக்கப்பட்ட பின்னரே பாலிடத்தில் தன் உண்மையான தொழிலைக் கண்டுகொண்டது.

காபியோடு பால் சேருவது நீராவிக்கு மிகவும் முற்பட்ட வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வியன்னா நகரத்துக் காபிக் கடைகளில், கறுப்புக் காபியில் பாலேட்டைச் சேர்த்து, அதன் நிறம் கப்பூச்சின் சபைத் துறவிகளின் அங்கியைப் போன்ற கபில நிறத்தை அடையும்போது நிறுத்தி, அதற்குக் கப்புட்ஸீனர் என்று பெயரிட்டிருந்தார்கள். இன்னும் வெளுப்பாய்ச் செய்தால் அது பிரான்சிஸ்கன் துறவிகளின் பெயரைப் பெற்றது. ஆஸ்திரிய ஆட்சி எங்கெங்கே பரவியிருந்ததோ அங்கெல்லாம் இந்தப் பெயரும் பரவி, இத்தாலிய மொழியில் கப்புச்சினோ ஆயிற்று. 1918 வரை ஆஸ்திரியாவின் துறைமுகமாக விளங்கிய திரியெஸ்தே நகரத்தில் இன்றைக்கும் ஒரு சிறு கிண்ணக் காபியில் துளி நுரைப்பால் சேர்த்ததைக் 'காப்போ' என்று அந்தப் பெயரின் தலைப்பகுதியைமட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். ஆகவே கப்புச்சினோ என்ற சொல் முதலில் குறித்தது நிறத்தைத்தான். நுரைக்கும் அதற்கும் அக்காலத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லை. இத்தாலிக்கு வந்த பின்னும் அடித்த பாலேட்டை மேலே மிதக்கவிட்டு, இலவங்கப்பட்டைப் பொடியோ சாக்லேட்டுத் தூளோ தூவிக் கொடுத்த வழக்கமே நெடுநாள் இருந்தது.

நீராவியின் பிரவேசம் தூரின் நகரத்தில் நிகழ்ந்தது. அங்கே ஹோட்டலும் மதுக்கடையும் நடத்திவந்த ஆஞ்ஜெலோ மோரியோந்தோ என்பவர், காத்திருக்கும் பல பேருக்கு ஒரே சமயத்தில் காபி தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்ற வியாபார அவசரத்தில், நீராவியின் உந்துதலால் வெந்நீரைக் காபிப்பொடியினூடே செலுத்துகிற ஒரு யந்திரத்தை அமைத்து, 1884-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்று, அவ்வாண்டு அந்நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் வைத்து வெண்கலப் பதக்கமும் பெற்றார். அவர் அதைத் தம்முடைய கடைகளின் கீர்த்திக்காகவே வைத்துக்கொண்டாரன்றி, பலருக்கும் செய்து விற்க முனையவில்லை. அதனால் அவருடைய பெயர் ஒரு நூற்றாண்டுக் காலம் மறைந்து கிடந்தது. 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா, கைப்பிடியோடு கூடிய சிறு சல்லடைக் கிண்ணத்தில் பொடியை இட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் கிண்ணத்திலேயே காபி இறங்கும்படியான அமைப்பைக் கண்டுபிடித்தார். யந்திரம் செய்யத் தெரிந்த அளவுக்கு அதை விற்கத் தெரியாத அவரிடமிருந்து உரிமையை வாங்கிக்கொண்ட தெஸிதேரியோ பவோனி, 1905 முதல் அவற்றைத் தொழிற்சாலையில் செய்து விற்கலானார். 1906-இல் மிலானில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் எஸ்பிரெஸோ என்ற பெயர் ஜனங்களின் வாயில் ஏறியது.

அந்தக் காலத்து யந்திரங்களின் படங்களைப் பார்த்தால் கோயில் கோபுரத்தின் கலசம் நினைவுக்கு வரும். நெட்டையாய் நிற்கும் பித்தளை உருளை. உச்சியில் கவிகைபோன்ற மூடி. அதன்மேல் சிறகு விரித்த கழுகோ வேறு அலங்காரமோ. அடியில் தணலோ எரிவாயு விளக்கோ. இடைப்பகுதியில் திருகுகளும் குழாய்களும். உருளையின் கீழ்ப்பாதியில் நீர் கொதிக்கும்; மேற்பாதியில் நீராவி அடைபட்டு நிற்கும்; அந்த ஆவியின் அழுத்தமே, அதாவது வாயுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே, நீரைப் பொடியின் வழியாகத் தள்ளும். இந்த ஏற்பாட்டில் இரண்டு சங்கடங்கள் இருந்தன. நூறு பாகையைக் கடந்த நீரும் அதோடு கலந்துவந்த ஆவியும் பொடியைச் சுட்டுவிட்டதால் காபியில் கருகல் நெடி ஏறியது முதலாவது. காபி கேட்பார் இல்லாத வேளையிலும் ஆவி உற்பத்தியாகிக்கொண்டே இருந்ததால், உருளை வெடித்துவிடாதபடி அதற்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது இரண்டாவது. பவோனியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு சீர்திருத்தங்கள் இந்த இரண்டாவது சங்கடத்திலிருந்து பிறந்தவை: ஒன்று, அழுத்தம் மிஞ்சும்போது தானே திறந்து ஆவியை வெளியேற்றும் கதவு, மற்றது, வீணே வெளியேறும் ஆவியைக் கடைக்காரன் தன் விருப்பப்படி ஒரு பாத்திரத்துக்குள் செலுத்திக்கொள்ள உதவும் குழல். ஆவி இருந்தது, அடுப்பு மூட்டாமல் பாலைச் சுடவைக்கலாம், அவ்வளவுதான் அப்போது எண்ணம். பால் சுடும்போது அது நுரைக்கவும் செய்தது என்பது அந்தக் குழல் தானாகக் கொடுத்த வரப்பிரசாதம்.

இவ்வாறு நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இடையில் பல பேர் பல பிரயத்தனங்கள் செய்தார்கள். 1935-இல் திரியெஸ்தேயில் பிரான்செஸ்கோ இல்லி ஆவிக்குப் பதிலாக அழுத்திய காற்றைக்கொண்டு நீரைத் தள்ளப் பார்த்தார். ஆனால் விஷயத்தை அடியோடு மாற்றியவர் மிலானில் காபிக்கடை வைத்திருந்த அக்கிலே கஜ்ஜியா. ஆவி பட்ட காபியின் கருகலைச் சகிக்கமாட்டாத அவர், 1938-இல் ஒரு உரிமைப்பட்டயத்துக்கு விண்ணப்பித்து, யுத்தம் முடிந்தபின் 1947-இல் மற்றொன்றைப் பெற்று, 1948-இல் நெம்புகோல் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெம்புகோலைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு வில்சுருள் இறுகும். கையை விட்டால் அந்தச் சுருள் விரிந்து உலக்கையை அழுத்த, வாயுமண்டல அழுத்தத்தின் ஒன்பது பத்து மடங்கு விசையில் நீர் பொடியைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அப்படி இறங்கிய காபியின்மேல் பொன்னிறமான மெல்லிய ஏடு ஒன்று படர்ந்தது. அதற்குமுன் யாரும் காணாத அந்த ஏட்டைக் காபியின் இயற்கையான பாலேடு என்றே அவர் பிரசித்தப்படுத்தினார். அவருடைய யந்திரத்தின் நெற்றியில் பொறித்திருந்த வாசகம் என் மனத்தில் நெடுநேரம் நின்றது: இது நீராவியில்லாமல் இயங்குவது என்பதே அது. அரை நூற்றாண்டாக எஸ்பிரெஸோவின் உயிராக இருந்த ஒன்றை விலக்கியதையே ஒருவர் தம் சரக்கின் பெருமையாக எழுதிவைத்தார் என்றால், காபி குடிப்பவர்கள் அந்த ஆவியால் எவ்வளவு துன்பப்பட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் அந்த யந்திரத்திலும் கொதிகலன் இருந்தது. பக்கத்தில் ஆவிக்குழலும் தொங்கிற்று. காபியைத் தள்ளும் வேலை நெம்புகோலுக்குப் போய்விட்டபடியால், ஆவிக்கு எஞ்சிய பெரும்பணி பால் ஒன்றே. இன்று நாம் அறிகிற கப்புச்சினோ, அதாவது அடியில் பொன்னேடு படர்ந்த திடமான சிறு காபியும் அதன்மேல் ஆவியில் நுரைத்த பாலும் சேர்ந்த பானம், இந்தப் பிரிவினைக்குப் பிறகே உருவானது. இங்கிலாந்துக்கு இந்த யந்திரங்கள் ஐம்பதுகளின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தன; லண்டன் சோஹோ பகுதியில் மோக்கா பார் என்ற கடையை 1953-இல் நடிகை ஜீனா லொல்லோபிரிஜிதா திறந்துவைத்தார். காபியைவிட அதன்மேல் குன்றுபோல் நின்ற நுரையே அந்நகரத்து இளைஞர்களைக் கவர்ந்தது. நுரைக் காபி என்றே அங்கே அதற்குப் பெயரும் வழங்கிற்று.

கடையிலிருந்த இந்த வித்தை வீட்டுக்குள் நுழைந்த கதை எனக்கு இன்னும் பிரியமானது. அல்ஃபோன்ஸோ பியலெத்தி 1933-இல் கொண்டுவந்த மோக்காப் பாத்திரம் இத்தாலியின் ஒவ்வொரு அடுப்பிலும் ஏறியிருந்தபோதிலும், அதில் பாலுக்கு வழியில்லை. யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மிலானின் ஜொர்தானோ ரொப்பியாத்தி, வார்த்த அலுமினியத்தில் அன்னப் பறவையின் கழுத்துப்போல் வளைந்த ஒரு பாத்திரத்தை அடுப்பின்மேல் வைக்கும்படி அமைத்து, அதற்கு அக்காலத்துப் பரபரப்புச் சொல்லான 'அட்டாமிக்' என்ற பெயரைச் சூட்டி, பாலுக்கென்று ஒரு சிறு ஆவிக்குழலையும் பொருத்தினார். ஐம்பதுகளில் கஜ்ஜியாவின் 'ஜில்தா'வும் ஃபாயெமா ஸ்தாபனத்தின் 'ஃபாயெமீனா'வும் மின்சாரத்தில் இயங்கும் வீட்டு யந்திரங்களாக வந்தன. 1961-இல் வந்த பவோனியின் 'யூரோப்பிக்கோலா'தான் நிலைத்தது. ஒரு லிட்டருக்குக் குறைவாகவே நீர் கொள்ளும் சிறிய கொதிகலன், கையால் அழுத்தும் நெம்புகோல், ஆவிக்குழல் ஆகிய மூன்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சிற்சில மாறுதல்களோடு இன்றைக்கும் அதைச் செய்துவருகிறார்கள். 1973-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படமொன்றில், ரோஜர் மூர் தம் வீட்டுச் சமையலறையில் மேலதிகாரிக்காகப் பாலை நுரைக்கவைப்பதும் இந்த யந்திரத்தில்தான்.

இந்த யந்திரங்கள் அக்காலத்தில் வீடு புக முடிந்ததற்கு யந்திரத்துக்கு வெளியே இருந்த ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஆவியில் நுரைக்கும் பால் குளிர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு குளிர்ச்சியிலிருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு அவகாசம், சூடு மிஞ்சுமுன் காற்றைப் பாலுக்குள் ஏற்றக் கிடைக்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் இத்தாலியில் செல்வம் பெருகி, குளிர்பதனப் பெட்டி நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது; பெட்டியில் குளிர்ந்த பால் இருந்த வீட்டில்தான் ஆவிக்குழலுக்கு வேலை இருந்தது.

அதே 1961-இல் கடைகளுக்கான யந்திரத்தில் நிகழ்ந்த ஒரு மாறுதல், நான் சொல்லிவரும் கதையின் உச்சம் என்பது என் அபிப்பிராயம். ஃபாயெமா ஸ்தாபனத்தின் எர்னெஸ்தோ வலென்தே, அவ்வாண்டு பெப்ரவரியில் இத்தாலியில் முழுமையாய்த் தெரிந்த சூரிய கிரகணத்தை ஒட்டி 'ஈ 61' என்று பெயரிட்ட யந்திரத்தில், கொதிகலனின் வயிற்றினூடே ஒரு குழாயைச் செலுத்தி, மின்சாரப் பம்பு தள்ளும் புதுநீர் அந்தக் குழாய் வழியே போகும்போதே வேண்டிய அளவு சூடேறிக் காபிக்குப் போய்ச் சேரும்படி செய்தார். இப்போது கொதிகலன் முழுவதும் ஆவிக்கும், ஆகவே பாலுக்கும், சொந்தமாயிற்று; காபிக்கான நீர் அதனூடே கடந்து செல்லும் வழிப்போக்கனாயிற்று.

வீட்டு யந்திரங்களில் இந்தச் சௌகரியம் சுலபமாய்க் கிடைக்கவில்லை. 1977-இல் வந்த 'கஜ்ஜியா பேபி' முதலாக இன்றுவரை மலிவான யந்திரங்களில் ஒரே கொதிகலன்தான். காபிக்குத் தொண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட உஷ்ணமும், ஆவிக்கு நூற்றிருபது முப்பது பாகையும் வேண்டியிருப்பதால், காபி இறங்கியபின் ஒரு விசையைத் தட்டிவிட்டு, கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். என் வீட்டில் இருப்பதும் அத்தகைய யந்திரமே. அந்தக் காத்திருப்பை நான் குறையாகக் கருதுவதில்லை. அந்த இடைவேளையில் ஜக்கைக் கழுவிப் பாலை அளந்து ஊற்றிக்கொள்ளலாம்.

செய்முறையைப் பழகியவர்களிடம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, குழலில் தேங்கிய நீரைத் துணியில் ஒரு தரம் சீறவிட்டு வெளியேற்ற வேண்டும் என்பது. பிறகு நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஓரமாய்ச் சாய்த்துப் பிடித்து முழுதும் திறக்க வேண்டும். பால் கைக்கு வெதுவெதுப்பாகும்வரைதான் காற்றை உள்ளே விடலாம். அதன்பின் நுனியை இன்னும் சிறிது ஆழ்த்தி, பால் சுழிபோல் சுற்றி, பெரிய குமிழிகள் உடைந்து நுண்குமிழிகளாகும்படி விட வேண்டும். ஜக்கின் அடியில் கைவைக்க முடியாதபடி சூடேறும்போது, அதாவது ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்து பாகைக்கும் இடையில், திருகை மூட வேண்டும். எழுபதைத் தாண்டினால் பாலின் புரதங்கள் சிதைந்து கந்தகம் கலந்த காய்ச்சிய வாடை எழும். மூடிய மறுகணமே ஈரத்துணியால் குழலைத் துடைத்து, மீண்டும் ஒரு தரம் ஆவியை விட வேண்டும். இல்லாவிடில் ஆறும் குழலும் கொதிகலனும் பாலைத் தமக்குள் உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் நடக்கும் பௌதிகம் வியக்கத்தக்கது. ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி உஷ்ணத்தைத் தன்னைச் சூழ்ந்த பாலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த 150 கிராம் பாலை அறுபது பாகைக்குக் கொண்டுவர பதின்மூன்று பதினான்கு கிராம் ஆவியே போதும். அந்த ஆவி நீராகிப் பாலிலேயே தங்கிவிடுவதால், நாம் குடிப்பதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்திருக்கிறது. குமிழிகளைச் சுற்றிப் போர்த்தி அவை உடையாமல் காப்பவை பாலின் புரதங்கள். நாள்பட்ட பாலில் கொழுப்பு சிதைந்து பிரியும் அமிலங்கள் அந்தப் போர்வையைக் கிழித்துவிடுவதால், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் நுரை நிற்பதில்லை. 1998-இல் இத்தாலியில் அமைந்த தேசிய எஸ்பிரெஸோ கழகம், கப்புச்சினோவுக்கு 25 மில்லி காபியும், 100 மில்லி குளிர்ந்த பாலை ஆவியால் 125 மில்லியாகப் பெருகவைத்து 55 பாகையில் சேர்ப்பதும் இலக்கணம் என்று வகுத்திருக்கிறது.

நுரையை உலர்ந்த பஞ்சுபோல் மேலே குவிப்பதை விட்டு, பாலோடு பாலாய்க் கலந்து ஊற்றும் பாணி பெருவழக்காகப் பரவியதற்குக் கடல் கடந்த சியாட்டில் நகரமும் ஒரு காரணம். அங்கே 1988-இல் கடை தொடங்கிய டேவிட் ஷோமர், ஒரு இத்தாலியக் கடையின் புகைப்படத்தில் கண்ட இலைக்கோலத்தைத் தாமே முயன்று 1992-இல் கிண்ணத்தில் வரைந்து காட்டி, பிறருக்கும் கற்பித்தார். நுண்குமிழி நுரை இல்லாமல் அந்தக் கோலம் விழாது. ஆகவே கோலத்தின்மேல் ஏற்பட்ட மோகம் நுரையின் தரத்தை உயர்த்தியது.

நம் நாட்டில் எஸ்பிரெஸோ என்ற சொல் பெற்ற பொருளைப்பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கலியாண மண்டபத்தின் வாசலில், எரிவாயு அடுப்பின்மேல் நின்று புகையும் உருளையிலிருந்து, உடனடிக் காபிப்பொடியும் சர்க்கரையும் பாலும் சேர்ந்த ஜக்குக்குள் ஆவியைச் சீறவிட்டு, நுரை பொங்கப் பொங்கக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே சாக்லேட்டுத் தூளைத் தூவித் தருகிறார்களே, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு எஸ்பிரெஸோ என்றால் அதுதான். அழுத்தி வடித்த காபி அதில் ஒரு துளியும் இல்லை. மிலானில் ஆவியை விலக்கியபின் பெருமை பெற்ற அந்தப் பெயர், இங்கே ஆவியோடும் நுரையோடும் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது; அந்த உருளையோ பெஸ்ஸெராவின் காலத்துப் பித்தளை உருளைக்கு நெருங்கிய உறவாக நிற்கிறது.

நுரை நமக்குப் புதிதன்று. டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே காபியை உயரத் தூக்கி ஆற்றும்போது எழும் நுரையை அறியாத வீடு நம்மிடம் இல்லை. ஆனால் சொல்லே சொல்கிறபடி, நம்முடையது ஆற்றுதல். பொங்கக் காய்ச்சிய பால் காற்றோடு கலந்து நுரைத்துக்கொண்டே சூடு தணிகிறது. ஆவிக்குழலின் நுரையோ குளிர்ந்த பாலில் தொடங்கிச் சூடேறியபடியே உண்டாவது. ஒரே பலனை எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து அடைந்த இரண்டு கைப்பழக்கங்கள் இவை என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

என் வீட்டில் காலையில் பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனோடு ஆவியில் நுரைத்த பாலைச் சேர்த்துப் பெரியம்மாவுக்குக் கொடுத்தபோது, அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நுரை நல்லாத்தான் இருக்கு, தம்பி, சூடுதான் பத்தலை" என்றார். பொங்கிய பாலின் சூட்டில் எழுபத்தைந்து வருஷம் காபி குடித்த நாக்குக்கு இத்தாலியர் வகுத்த ஐம்பத்தைந்து பாகை எப்படிப் போதும்? அன்றிலிருந்து அவருடைய டம்ளருக்கான பாலைமட்டும் கடைசியில் தனியாக வைத்து, ஜக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, காய்ச்சிய பாலின் வாசனை மெல்ல எழும்வரை திருகை மூடாமல் நிற்கிறேன்.